கணக்குப்பிள்ளை வயிற்றில் அடிக்காதீர்!

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி, தகடு ஏற்றும் லாரிக்கு லாரி ஒரே எழுத்து வேலை. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், வண்டி எண், எடை! 2018-ல் ‘இ-வே பில்’ வந்தபின் ஓர் எண் பிசகினாலும் வழியில் தகராறுதான்.

இதை ‘ஏ.ஐ.’ உதவியாளருக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்தால் போதும். தினமும் அதே முறையில் பில் தயார்! நல்லதுதான்.

ஆனால் சொல்லிக்கொடுத்ததில் தப்பு இருந்தால் நூறு பில்லிலும் அதே தப்பு! எடைச் சீட்டைப் பார்த்து, “இது சரியில்லையே!” என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இயந்திரம் எழுதட்டும், கணக்குப்பிள்ளை சரிபார்த்த பிறகே லாரி கிளம்பட்டும். வேலையின் நெளிவு சுளிவை அதற்குச் சொல்லித் தருபவரும் அவர்தானே! கற்றுக்கொடுத்த வாத்தியாரையே வீட்டுக்கு அனுப்புவதா? முதலாளிமார்களே, யோசியுங்கள்!