இடம் உண்டு, ஐநோடு இல்லை

"வட்டில் பாதி காலியாகக் கிடக்கிறது, இடமில்லை என்று நிறுவல் நின்றால் கோளாறு மென்பொருள் தொகுப்பில்தான்" என்ற வாதம் பாதிக் கணக்கையே பார்க்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பைட் கோப்புக்கும் ஒரு ஐநோடு, அதாவது கோப்பின் விவரங்களைப் பதிந்து வைக்கும் உள்ளீடு, வேண்டும். வட்டை ஃபார்மேட் செய்யும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது: வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஒன்று, 20 ஜிபிக்குச் சுமார் 13 லட்சம். உபுண்டுவில் பழைய கெர்னல்களின் ஹெடர் தொகுப்புகள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளோடு தேங்கிக் கிடக்கும். நோட் ஜேஎஸ் திட்டங்களைச் சொல்லவே வேண்டாம். ஐநோடு தீர்ந்தாலும் கெர்னல் தருவது அதே 'இடமில்லை' செய்திதான். குழப்பத்தின் ஊற்று அது. டிஎஃப் கட்டளையை ஐ என்ற விருப்பத்தோடு இயக்கினால் ஐநோடு பயன்பாடு 100 சதவீதம் என்று பல்லிளிக்கும். பெரிய வீடியோ ஒன்றை அழித்தால் மீள்வது ஒரே ஒரு ஐநோடு. பழைய ஹெடர்களை நீக்கினால் நிறுவல் நகரும்.