எஞ்சினுக்குக் குளிர்ச்சி! டிரைவருக்குக் கொதிப்பு!

"லேலண்டு லாரிதான் லாரி!"

"போய்யா! மேடு ஏறுவதில் டாடா வண்டியை எது மிஞ்சும்?"

லாரிப்பேட்டை டீக்கடைகளில் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. தாத்தா காலத்துச் சண்டை இது.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி பிறந்தது. சென்னையை அடுத்த எண்ணூரில் தொழிற்சாலை. முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டித் தந்தார்கள். பிறகு இங்கிலாந்து லேலண்டு கம்பெனியுடன் கை கோர்த்தார்கள். 1955-ல் பெயர் "அசோக் லேலண்டு" ஆயிற்று.

டாடா கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1954-ல் ஜெர்மனி நாட்டு பென்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது.

இரண்டும் நல்ல எஞ்சின்கள்தான். சுமை எவ்வளவு தாங்கும்? லிட்டருக்கு எத்தனை மைல் ஓடும்? எல்லோரும் இதையே கேட்டார்கள். டிரைவர் உட்காரும் இடம் எப்படி என்று கேட்டவர் யார்?

அடுப்பின் பக்கத்தில்

டீசல் எரிந்தால் அவ்வளவும் ஓட்டமாக மாறுவதில்லை. பாதிக்கு மேல் வெறும் சூடாகவே போகிறது. அந்தச் சூட்டில் எஞ்சின் கெட்டுவிடக் கூடாது அல்லவா? அதற்காக ரேடியேட்டர் வைத்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். காற்றாடி பூட்டினார்கள். சூடு ஏறினால் முள் காட்டிக் கொடுக்கும். உடனே வண்டியை நிறுத்துவார்கள்.

டிரைவரின் சூட்டைக் காட்ட முள் ஏது?

மூக்கு இல்லாத லாரிகளில் எஞ்சின் டிரைவரின் இருக்கையை ஒட்டியே இருக்கும். மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். சித்திரை வெயில் கூரையைக் காய்ச்சும். எஞ்சின் காலைக் காய்ச்சும்.

பல லாரிகளைக் கம்பெனிகள் கூடு இல்லாமலே விற்றன. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கூடு கட்டினார்கள். சாமி படமும் சித்திர வேலையும் கண்ணைப் பறிக்கும். வெக்கையைத் தடுக்கத்தான் ஒன்றும் இராது!

1998-ல் பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையில் வோல்வோ லாரிகள் தயாராயின. டிரைவருக்குக் குளுகுளு அறை! பிறகு மற்ற கம்பெனிகளும் விலை கூடிய லாரிகளில் அந்த வசதியை வைத்தன. சாதாரண லாரிக்கு அது எட்டவில்லை.

கடைசியில் சட்டம்தான் வர வேண்டியிருந்தது. இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம்.

தூக்கம் வருமா?

"குளிரில் டிரைவர் தூங்கி விடுவார்" என்று சிலர் சொல்கிறார்கள். வேடிக்கையான பேச்சு! ஏ.சி. காரில் போகும் முதலாளி தூங்கியா ஓட்டுகிறார்? வெக்கையில் பத்து மணி நேரம் வெந்தவருக்குத்தான் கண் சொருகும். எதிரே வரும் பஸ்ஸில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

"டீசல் கூடச் செலவாகுமே!" என்பது நியாயமான கவலை. குளிர்சாதனமும் எஞ்சின் பலத்தில்தான் ஓடுகிறது. அந்தச் செலவை வாடகையில் சேர்ப்பதே முறை. டிரைவர் பேட்டாவில் கை வைக்கக் கூடாது.

பழைய லாரிகளுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் முதலாளிகள் எஞ்சின் மூடிக்குக் கனத்த மெத்தை தைக்கலாம். கூரைக்கு உள்ளே வெப்பம் தடுக்கும் பலகை அடிக்கலாம். ஒரு மின்விசிறி மாட்டலாம். ஒரு ஜோடி டயர் வாங்கும் பணம்கூட ஆகாது. அடுத்த சித்திரைக்கு முன்னால் செய்வார்களா?