மூச்ச இழுத்துப் புடிங்க தாத்தா

கலஹா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் நண்பனின் தாத்தா கண்டிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தார். இரண்டு மாதமாக விடாத இருமல். படம் எடுக்கிற அறையில் "ஹுஸ்ம கன்ன" என்று சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவின் சிங்களம் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான். என்னமோ சொல்றாங்க என்று மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றிருக்கிறார். படம் சரியில்லை என்று மறுபடி எடுத்தார்கள்.

கேட்க சின்ன விசயம். ஆனால் மூச்சை முழுசாக உள்ளே இழுத்து நிறுத்தினால்தான் நுரையீரல் விரிந்து படத்தில் கறுப்பாகத் தெரியும். வெளியே விட்ட நிலையில் எடுத்தால் அடிப்பகுதி நெருங்கி வெள்ளையாகும், இதயமும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இல்லாத வருத்தத்தை இருக்கிற மாதிரி காட்டிவிடும். மொழிப் பிரச்சினை ரிப்போர்ட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். அது படத்துக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது தாத்தாவின் குறை. "வெறும் எக்ஸ்ரே எடுத்துட்டு அனுப்பிட்டாங்கப்பா. ஸ்கேன் எடுத்தாத்தானே தெரியும்?" வீட்டில் தோட்டை அடகு வைத்து பிரைவேட்டில் சி.ரி. எடுக்கப் பேச்சு நடந்தது. நாங்கள் மறித்தோம். விலை கூடின பரிசோதனை நல்ல பரிசோதனை என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

எக்ஸ்ரே நெஞ்சின் நிழல். எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நிமோனியா, காசநோய் சந்தேகம், சேர்ந்த நீர் என்று முதலில் பார்க்க அது பெரும்பாலும் போதும். சி.ரி. பாண் வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாகக் காட்டும். எச்.ஆர்.சி.ரி.யில் துண்டு ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியது. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்களுக்கு அதுதான் தேவை. நுரையீரல் இரத்தக்குழாயில் கட்டி அடைத்ததா என்று பார்க்க ஊசியில் மருந்து ஏற்றி எடுப்பார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படத் தேவையில்லை. ஆனால் சிறுநீரக வருத்தமோ அலர்ஜியோ இருந்தால் முதலே சொல்ல வேண்டும். கர்ப்பம் என்றால் எந்தப் படத்துக்கும் முன்னால் சொல்ல வேண்டும். நீர் சேர்ந்திருந்தால் எங்கே ஊசி போடுவது என்று காட்ட அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சே இல்லை. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது பெட் ஸ்கேன். (மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அது பொதுமக்கள் சேர்த்த பணத்தில் வந்தது.)

கதிர்வீச்சுக் கணக்கும் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.1 மில்லிசீவெர்ட், நாம் இயற்கையாகப் பத்து நாளில் வாங்குவது. சாதாரண நெஞ்சு சி.ரி. சுமார் 6, அதாவது இரண்டு வருசத்தது. தேவையென்றால் தயங்காமல் எடுக்க வேண்டியதுதான். மனத்திருப்திக்கு எடுக்கக் கூடாது. பழைய படங்களை மட்டும் வீசாதீர்கள்; புதிய நிழலா பழைய தழும்பா என்று சொல்ல டாக்டருக்கு அவைதான் உதவும்.

தாத்தாவின் இரண்டாவது படத்தில் மேல்பக்கம் ஒரு நிழல் இருந்தது. காசநோயா என்பதைச் சொன்னது ஸ்கேன் இல்லை, சளிப் பரிசோதனை. ஆறு மாத மருந்து, இலவசம். தோடு வீட்டிலேயே இருக்கிறது.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. நாங்கள் கேட்பது எக்ஸ்ரே அறைக் கதவில் தமிழில் நாலு வரி, உள்ளே இருப்பவருக்குத் தமிழில் இரண்டு வாக்கியம். ஆளணி இல்லை என்பார்கள். "மூச்ச இழுங்க, புடிங்க" என்று சொல்ல எத்தனை ஆளணி வேண்டும்? ஒலிப்பதிவு செய்து ஒரு ஸ்பீக்கரில் போட்டாலும் போதுமே.

அடுத்த எக்ஸ்ரேக்கு முன் பேரன் தாத்தாவுக்கு "ஹுஸ்ம கன்ன" சொல்லிக்கொடுத்துவிட்டான். அவரும் பஸ்ஸில் கண்டி வரும்வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.