தையும் சித்திரையும்: வானைப் பாராத வழக்கு

தமிழருக்கு ஆண்டு பிறப்பது தை முதல் நாளிலா, சித்திரை முதல் நாளிலா என்னும் வழக்கு நெடுங்காலமாக மேடைகளிலும் ஏடுகளிலும் நடந்து வருகின்றது. 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தை முதல் நாளே புத்தாண்டு எனச் சட்டம் இயற்றிற்று. 2011இல் அடுத்து வந்த அரசு அச்சட்டத்தை நீக்கிச் சித்திரையை மீண்டும் அரியணையேற்றிற்று. இலங்கையிலும் அவ்வழக்கின் எதிரொலி ஓயவில்லை. இனமும் மதமும் மொழியும் சான்று கூற அழைக்கப்பட்ட இவ்வழக்கில் இன்றுவரை அழைக்கப்படாத சாட்சி ஒன்றுண்டு. அது வானம்.

தையை வேண்டுவோர் கூறும் காரணங்களுள் தலையாயது, அன்று ஞாயிறு வடதிசை நோக்கித் திரும்புகின்றது என்பதாகும். சித்திரையை வேண்டுவோர், ஞாயிறு மேட இராசியிற் புகும் அந்நாளே இளவேனிலின் தலைவாயில் என்பர். இரு சாராரும் வானையே துணைக்கழைக்கின்றனர். எனினும் அண்ணாந்து பார்த்தவர் எவருமிலர். அண்ணாந்து பார்க்கவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து முற்றமொன்றில் ஒரு மீற்றர் உயரமான கோலை நேராக நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்தாற் போதும். நிழல் மிக நீண்டு, ஏறக்குறைய 65 சதமமீற்றரைத் தொடுவது டிசெம்பர் 21 அல்லது 22ஆம் நாளில்; அதாவது மார்கழி பிறந்து ஒரு கிழமை அளவில். தைப்பொங்கலன்று அளந்தால் நிழல் ஏறக்குறைய 60 சதமமீற்றராகக் குறுகியிருக்கும். பொங்கற் பானை ஏறுமுன்னரே ஞாயிறு திரும்பி இருபத்துநான்கு நாட்களாகிவிட்டன என்பதே இதன் பொருள். சித்திரையின் நிலையும் இதுவே. இரவும் பகலும் ஒத்திருக்கும் நாள் மார்ச் 20 அல்லது 21. ஏப்பிரல் 14 அன்று.

இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? பூமியின் அச்சு, வேகந் தளர்ந்த பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுழல்கின்றது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் செல்லும். இதனால், ஞாயிறு திரும்பும் புள்ளிகள் விண்மீன்களிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றன. இதனையே அயனசலனம் என்பர். பருவங்களை ஆளும் ஆண்டின் அளவு 365.2422 நாட்கள். சூரிய சித்தாந்தம் கொள்ளும் ஆண்டோ ஏறத்தாழ 365.2588 நாட்கள். வேறுபாடு இருபத்துநான்கு நிமிடங்களே. ஆயினும் அறுபது ஆண்டுகளில் அது ஒரு நாளாகின்றது. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 சனவரி 12ஆம் நாள் மகர சங்கிராந்தி நாளாக இருந்தது. இன்று அத்திருநாள் சனவரி 14இலோ 15இலோ வருகின்றது. இன்னும் இரண்டாயிரம் ஆண்டு செல்லின் தை மாதம் பெப்ரவரி நடுவிலேயே பிறக்கும். மழையும் அறுவடையும் அதற்காகக் காத்திருக்கமாட்டா.

“முன்னோர் வகுத்ததை மாற்றலாமா?” என்பது பழமை பேணுவோரின் வினா. முன்னோர் யாது செய்தனர் என்பதை முதலில் அவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. ஆரியபட்டர் தம் நூலுக்கு எல்லையாகக் கொண்ட கி.பி. 499 அளவில், மேட சங்கிராந்தியும் இராப்பகல் ஒத்த நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அன்று மகரத்திற் புகுந்த ஞாயிறு மெய்யாகவே வடக்கே திரும்பிற்று. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரரோ இதனினும் ஒருபடி மேற்சென்றார். பழைய நூல்கள் அவிட்டத்தின் தொடக்கத்திற் கூறிய அயனத் திருப்பம் தம் காலத்தில் மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்வதைப் பிருகத் சங்கிதையில் எடுத்துக்காட்டி, ஐயம் எழுமாயின் கண்ணாற் கண்டு தெளிக என்று வழியுங் காட்டினார். நூல் சொன்னதை வானம் மறுத்தபோது அவர் வானின் பக்கம் நின்றார். அவர் கண்ட முடிவைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ட வழியைக் கைவிட்டவர்களே இன்று தம்மை அவர்தம் வழித்தோன்றல்கள் என்கின்றனர்.

“எமது ஆண்டு விண்மீன் ஆண்டு, பருவ ஆண்டு அன்று” என்று விடையிறுப்போரும் உளர். இது நேர்மையான விடையே. விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டு நாளெண்ணுதல் குற்றமன்று. அங்ஙனமாயின், ஞாயிறு வடக்கே திரும்பும் நாள் என்றும், பருவத்தின் பிறப்பு என்றும் கூறுவதை அவர்கள் நிறுத்தவேண்டும். அன்றியும், சூரிய சித்தாந்த ஆண்டு உண்மையான விண்மீன் ஆண்டினும் மூன்றரை நிமிட அளவு மிகையானது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதும், திதி சில மணி நேரம் வேறுபட்டு ஒரே விரதம் அயல்வீட்டில் வேறொரு நாளில் வருவதும் எல்லோரும் அறிந்தவை. இரண்டுள் எது வானோடு பொருந்துகின்றது என்று கேட்பாரில்லை. எது தம் குடும்ப வழக்கம் என்றே கேட்கின்றனர்.

சமயப்பற்று இதற்குத் தடையாகவேண்டியதில்லை. உயிர்த்த ஞாயிறு திருநாள் பருவத்தினின்று விலகிச் செல்வதைக் கண்ட திருத்தந்தை கிரகோரியார், 1582இல் ஒக்ரோபர் 4ஆம் நாளுக்கு மறுநாளை 15ஆம் நாளாக்கிப் பத்து நாட்களை நீக்கினார். பகைச் சபையின் திருத்தம் என்று ஒதுக்கிய இங்கிலாந்து 1752இல் பதினொரு நாட்களை இழந்தே அதனை ஏற்றது. இந்தியாவில் மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழு ஆராய்ந்தளித்த தேசிய நாட்காட்டி, 1957 மார்ச் 22 முதல் பருவ ஆண்டைப் பின்பற்றுகின்றது. அது அரசிதழின் தலைப்பிலே தங்கிற்றேயன்றி வீட்டுச் சுவருக்கு வரவில்லை என்பது அறிவியலின் தோல்வியன்று, கற்றோரின் சோம்பல்.

சட்டத்தால் மட்டும் காலத்தை வளைக்கலாம் என்போருக்கும் பாடமுண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா நாட்களே வார விடுமுறையாயின. திங்களின் மாதம் 29.53 நாட்கள், அதன் கால்பங்கு ஏழு நாட்களினும் மிகையானது. எனவே வாரம் ஒருகால் ஏழு நாளாகவும் ஒருகால் எட்டு நாளாகவும் தடுமாறிற்று. வர்த்தமானி அறிவித்தல் நிலவைக் கட்டுப்படுத்தவில்லை.

இனி, இவையனைத்தும் மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்கும் முற்போக்காளரையும் கேட்கவேண்டியுள்ளது. அவர்களுள் எத்தனை பேர் கார்த்திகை மீன்கூட்டத்தை வானிற் காட்டவல்லர்? கலைப்பீட மாணவர் ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்ற உரையாசிரியர் கூற்றை மனனஞ் செய்து தேர்வெழுதுகின்றனர். அதே வேளையில் யாழ்ப்பாணத்து உழவன் ஐப்பசி மழையை எதிர்நோக்கி நிற்கின்றான். ஏட்டுக் கார் வேறு, நாட்டுக் கார் வேறு என்பதை வகுப்பறையில் எழுந்து கேட்பாரில்லை. பழமைவாதி நூலை நம்பிப் பாராதிருக்கின்றான். முற்போக்காளன் நூலை இகழ்ந்து பாராதிருக்கின்றான். பாராமையில் இருவரும் ஒருவரே.

தமிழ் மரபு இத்தகையதன்று. ஞாயிற்றின் செலவை அளந்தறிந்தோர் உண்டென்பதைப் புறநானூறு அறியும். இரு கோல்களை நட்டு நண்பகல் நிழலைக் குறித்துத் திசை தெளிந்து மனை வகுத்த நூலறி புலவரை நெடுநல்வாடை காட்டுகின்றது. அவ்விலக்கியத்தைப் பாடமாக ஓதும் பல்கலைக்கழக வளாகத்தில், நிழலளக்க நடப்பட்ட கோல் ஒன்றேனும் உண்டா?

ஆண்டுப்பிறப்பைத் தையிற் கொள்வதோ சித்திரையிற் கொள்வதோ மக்களின் உரிமை. அதற்கு வானின் ஒப்புதல் வேண்டியதில்லை. வானின் பெயரால் ஆணையிட்டுக் கூறுவோர் மட்டும் வானுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். வரும் மார்கழியில் மாணவர் ஒரு கோலை நட்டு, நிழலின் நுனியில் நாள்தோறும் ஒரு கல்லை வைத்து வரட்டும். தை பிறக்குமுன் அக்கற்களின் வரிசை திரும்பியிருக்கும். அதன் பின்னர் வழக்காட விரும்புவோர் அக்கற்களின் அருகில் நின்று வழக்காடட்டும்.