ஏவச் சொல்லாமல் கிளம்பிய ஏவுகணை

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் திரு. ராஜ்நாத் சிங் அவர்களுக்கு,

2022 மார்ச் 9 மாலை, நம் விமானப்படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று யாரும் உத்தரவிடாமலே கிளம்பிப்போய், பாகிஸ்தானின் மியான் சன்னு ஊருக்கு அருகே விழுந்தது. அந்நாட்டு ராணுவம் சொன்ன கணக்குப்படி, அவர்கள் வான்வெளியில் 124 கிலோமீட்டரை அது 3 நிமிடம் 44 விநாடியில் கடந்தது. பறந்த உயரம் 40,000 அடி. பயணிகள் விமானங்கள் போகும் உயரம் அது. உயிர்ச்சேதம் இல்லை என்பதாலேயே பலரும் அதை மறந்துவிட்டார்கள். தங்கள் அமைச்சகம் மறக்கக் கூடாது.

பராமரிப்புப் பணியின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இரண்டு நாள் கழித்து அரசு அறிவித்தது. நம் ஏவுகணை அமைப்பு மிக நம்பகமானது, பாதுகாப்பானது என்று மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் தாங்கள் உறுதியளித்தீர்கள். ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். மார்ச்சில் இயந்திரத்தின் மேல் இருந்த பழி, ஆகஸ்டில் ஆட்கள் மேல் வந்துவிட்டது.

ஏவுகணைகளின் கனெக்டர்கள் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கழற்றப்படாமல் இருந்தன என்று பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. எனக்குப் பராமரிப்புப் பயிற்சி மட்டுமே தரப்பட்டது என்கிறார் பதவியிழந்த அதிகாரிகளில் ஒருவர். யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு கனெக்டரைக் கழற்றாமல் விட்டால் பக்கத்து நாட்டில் ஏவுகணை விழும் என்றால், இடையில் இருந்திருக்க வேண்டிய மற்றத் தடைகள் என்ன ஆயின? ஆள் தவறுவான் என்று தெரிந்துதானே அவற்றை வைக்கிறோம்? வீட்டு மின்சாரத்துக்கே ஃப்யூஸும் டிரிப்பரும் தனித்தனியாக இருக்கின்றன.

அன்று நம்மைக் காத்தது எதிர்த்தரப்பின் நிதானம். இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் உண்மை அதுதான். வருகிற ஏவுகணையின் தலையில் என்ன இருக்கிறது என்று ரேடார் சொல்லாது. பார்த்தவர்கள் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ் செய்ததும் இதைத்தான். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணினி எச்சரித்தது. போர் தொடுக்கிறவன் ஐந்தோடு நிறுத்துவானா என்று யோசித்தவர், இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. (குறிப்பேட்டைச் சரியாக எழுதவில்லை என்று அவருக்குத் திட்டு கிடைத்ததாம். அரசாங்கங்கள் எங்கும் ஒன்றுபோலத்தான்.) அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பும் ஏவுகணை சோவியத் மண்ணை எட்ட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகியிருக்கும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே அந்த அவகாசம் சில நிமிடங்கள்தான்.

2025 மே மாத மோதலில் பிரம்மோஸ் நிஜமாகவே பாகிஸ்தான் மீது ஏவப்பட்டது. இனி ஒன்று தவறிப் போனால், தவறித்தான் வந்திருக்கும் என்று நினைக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கும்?

பெட்ரோவைப் போல் யோசிக்க ஓர் ஆள் தேவைப்படும் இந்த நேரத்தில், சுடுவதா வேண்டாமா என்பதையும் இயந்திரத்திடம் விடும் ஆயுதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிய கவலையைச் சொல்லும் தீர்மானத்தை 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, அதில் ஒன்று இந்தியா. இதைப் பேச ஜெனீவாவில் கூடும் ஆயுதக் கட்டுப்பாட்டு மன்றமே சரியான இடம் என்பது நம் வாதம். இருக்கட்டும். மனிதர் ஒருவர் முடிவெடுக்காமல் இந்திய ஆயுதம் எதுவும் உயிரைப் பறிக்காது என்று நாமாக அறிவிக்க எந்த மன்றமும் தடையில்லையே.

தங்களிடம் வேண்டுவது பெரிதல்ல. ராணுவ ரகசியம் போக மீதியையாவது சொல்லுங்கள்: 2022க்குப் பிறகு ஏவுதளங்களில் என்ன மாறியது? தவறி ஏதாவது கிளம்பினால் அதே நிமிடம் இரு ராணுவங்களுக்கும் இடையே உள்ள ஹாட்லைனில் பேச வேண்டும் என்பதை விதியாக்குங்கள். 2025 மே 10 அன்று சண்டையை நிறுத்த இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் பேசியது அந்த ஹாட்லைனில்தான். ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்க 2005இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே பொருந்தும். பிரம்மோஸ் குரூஸ் வகை. இரு நாடுகளும் முகம் பார்த்துப் பேசாத காலம் இது என்பது தெரியும். ஆனாலும் குரூஸ் ஏவுகணைகளையும் அதில் சேர்க்கலாம் என்று இந்தியா சொல்லட்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் குடிமகன் ஒருவன்