பதிவேட்டில் எழுத முடியாத காரணம்

பேச அழைத்திருந்த பொறியியல் கல்லூரி ஒன்றில், விழா தொடங்க நேரமிருந்ததால் சுற்றிக் காட்டினார்கள். “எங்ககிட்ட கவுன்சலிங் ரூமே தனியா இருக்கு சார்” என்றார் கூட வந்த உதவிப் பேராசிரியர். இருந்தது. முதல்வர் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவோடு. ஓரத்தில் பழைய விடைத்தாள் கட்டுகள். மேசைமேல் நூல் கட்டிய பேனாவும் ஒரு நீளப் பதிவேடும். பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம், வகுப்பு ஆசிரியர் கையொப்பம் என்று கட்டம் போட்டிருந்தார்கள். திறந்திருந்த பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் தலைவலி, தலைவலி, தூக்கமின்மை, மறுபடியும் தலைவலி. வெளியாள் நான் நின்று படிக்கிறேன், யாரும் தடுக்கவில்லை.

விழா முடிந்து டீ குடிக்கையில் விடுதி மாணவன் ஒருவனிடம் அந்த அறையைப் பற்றிக் கேட்டேன். “அங்க போனா சாயங்காலத்துக்குள்ள அப்பாவுக்கு போன் போயிரும் சார்” என்றான். அதோடு பேச்சை அரியர் பக்கம் திருப்பிவிட்டான்.

மாணவர் மனநலம் பற்றி இன்று யாரும் பேசாமல் இல்லை. யோகா தினம் நடக்கிறது, உறுதிமொழி எடுக்கிறார்கள், என்னைப் போன்றவர்களை அழைத்து ஒரு மணி நேரம் தன்னம்பிக்கை ஊட்டச் சொல்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்பவை அவற்றில் சில. நல்லதுதான். ஆளைப் போடலாம், அறையும் ஒதுக்கலாம். ஆனால் அங்கே சொன்னது அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அது இன்னொரு அலுவலகம், அவ்வளவுதான்.

கல்லூரிக்காரர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஏன் எங்களுக்குச் சொல்லலைன்னு பெத்தவங்க கேட்பாங்களே?” அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவது அவருடைய உரிமை. உயிருக்கு ஆபத்து என்று வரும்போது தேவையான அளவுக்கு மட்டும் சொல்லலாம். மூன்று பேப்பர் போனது, காதல் முறிந்தது, தமிழ் மீடியத்தில் படித்துவந்து முதல் செமஸ்டரில் ஆங்கில வகுப்பு புரியாமல் விழிப்பது, விடுதியில் சாதி கேட்டு ஒதுக்குவது, இதற்கெல்லாம் அப்பாவைக் கிளம்பி வரச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. விஷயம் பரவினால் அடுத்த நாளே வகுப்பில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று பட்டப்பெயர் விழும். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம் சினிமா காமெடி வசவாக்கி வைத்திருக்கிறதே!

வகுப்பு ஆசிரியர் கையொப்பம் வேண்டும் என்பது இன்னும் மோசம். சிக்கலே அந்த ஆசிரியரால் என்றால்? இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில், வருகைப் பதிவும் அவர் கையில். ஆராய்ச்சி மாணவர் நிலைமை அதைவிடக் கஷ்டம். அவருடைய பட்டம், உதவித்தொகை, அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாமே கைடு ஒருவரை நம்பி இருக்கின்றன. துறைத் தலைவருக்கோ ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கோ பதில் சொல்லும் இடத்தில் ஆலோசகரை உட்கார வைத்தால், கைடைப் பற்றி அவரிடம் யார் வாய் திறப்பார்கள்? ஆலோசகர் தன் தொழில் நெறிக்கு மட்டும் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்.

சென்னையில் 1986 முதல் நடந்துவரும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தன்னார்வலர்கள்தான் பேசுவதைக் கேட்கிறார்கள், அதை ரகசியமாகவும் வைத்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்களால் முடிவது, சம்பளம் கொடுத்து ஆலோசகரை வைத்திருக்கும் கல்லூரிக்கு ஏன் முடியாது?

முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கையொப்ப விதியையும் நீக்குங்கள். அறையை நூலக மாடிக்கோ மருந்தகத்துக்குப் பக்கத்திலோ மாற்றுங்கள். எதற்குப் போகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மாலை வகுப்பு விட்டபின் இரண்டு மணி நேரமாவது திறந்து வையுங்கள். மத்திய அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண்ணை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டும்படி உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.