பார்ப்பவருக்கா, படுப்பவருக்கா?

1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் மிதிலைப் பகுதியின் எண்ணற்ற வீடுகள் இடிந்தன. மதுபனியில் பணியாற்றிய டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அதிகாரி சேதத்தைப் பார்வையிடச் சென்றார். வெளிச்சுவர்கள் சரிந்த வீடுகளில் உட்சுவர்கள் வெளியே தெரிந்தன. அவற்றில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் நிறைந்த ஓவியங்கள் இருந்தன. பின்னர் அவர் அத்தகைய ஓவியங்களைப் படமெடுத்தார். 1949இல் ‘மார்க்’ இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று மதுபனி ஓவியம் என்று அறியப்படும் கலை வெளியாரின் கண்ணில் பட்டது இவ்வாறுதான்.

அவ்வோவியங்களுள் சிறப்பானவை ‘கோஹ்பர் கர்’ என்னும் அறையின் சுவர்களில் இடம்பெறுபவை. மணமக்கள் தம் முதல் இரவுகளைக் கழிக்கும் அறை அது. அரிசி மாவும் விளக்குக் கரியும் செடிகொடிச் சாறும் கொண்டு வீட்டுப் பெண்களே அச்சுவர்களை நிரப்பினர். வேறு வகையில் சொன்னால், இந்தியாவின் புகழ்பெற்ற கலை மரபு ஒன்று, மிகக் குறைந்த செலவில் செய்யப்பட்ட படுக்கையறை அலங்காரமாகவே வளர்ந்திருக்கிறது. அவ்வறைக்குள் இருக்கப்போகிறவர்களுக்காகவே அது வரையப்பட்டது. விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் அதில் பங்கில்லை. சுவர் இடிந்த பிறகே அந்நியர் அதைக் கண்டனர்.

இதற்கு நேர்மாறானது இன்றைய நிலை. ‘குறைந்த செலவில் புதிய படுக்கையறை’ என்று கைப்பேசித் திரையில் ஓடும் காணொளிகளில் சுவர் இடிய வேண்டியதே இல்லை. அறை முழுவதும் அந்நியர் பார்ப்பதற்காகவே அமைக்கப்படுகிறது. சரம் சரமாகத் தொங்கும் சிறு விளக்குகள், கல்லைப் போன்ற தோற்றம் தரும் ஒட்டுத்தாள், பிளாஸ்டிக் கொடி, ஒரே நிறத்தில் ஆறு தலையணைகள். அவ்வறைகளில் கொசுவலை இராது. கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி இராது. கொடியில் காயும் துணி இராது. முக்கியமாக, அங்கே பாட்டி இரார்.

படுக்கையறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலான குடும்பங்களின் வாழ்நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களுள் 37.1 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. 31.7 விழுக்காட்டுக்கு இரண்டு அறைகள் இருந்தன. 3.9 விழுக்காட்டுக்குத் தமக்கே உரிய அறை ஒன்றுகூட இல்லை. ஆக, பத்துக் குடும்பங்களில் ஏழுக்கும் மேற்பட்டவை இரண்டு அறைக்குள் வாழ்ந்தன. அங்கே ‘படுக்கையறை’ என்பது ஓர் இடத்தின் பெயராக இருப்பதில்லை. ஒரு வேளையின் பெயராகவே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் பாய் விரியும்போது அறை படுக்கையறையாகிறது. விடிந்ததும் அது வேறொன்றாக மாறுகிறது.

வீட்டுப் பொருள்களுக்கு வழங்கும் சொற்கள் இவ்விடத்தில் பயன்படக்கூடும். இந்தியில் அறையைக் குறிக்கும் ‘கம்ரா’ போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. இந்தியின் ‘அல்மாரி’யும் தமிழின் ‘அலமாரி’யும் அதே மொழியின் ‘அர்மாரியோ’விலிருந்து பிறந்தவை. தமிழின் ஜன்னலும் சாவியும் மேசையும் அவ்வழியே வந்தவைதாம். திரைச்சீலையைக் குறிக்கும் ‘பர்தா’ பாரசீகச் சொல். வட இந்தியாவின் கயிற்றுக் கட்டிலான ‘சார்பாய்’ பாரசீகத்தில் ‘நான்கு கால்’ என்று பொருள்படும். தமிழின் நாற்காலியும் அதே முறையில் அமைந்த சொல். ‘காட்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ இந்தியின் ‘காட்’ என்பதிலிருந்து இங்கிருந்து அங்கே சென்றது.

கடன்சொல் வந்தமையால் அதற்கு முன் அப்பொருளே இல்லை என்று முடிவுகட்டுவது தொடக்கநிலைப் பிழை. தமிழில் அறையும் கட்டிலும் பழஞ்சொற்கள். இந்தியில் சிற்றறையைக் குறிக்கக் ‘கோட்டரி’ உண்டு. கவனிக்க வேண்டியது வேறொன்று. ‘கம்ரா’ என்னும் சொல் எந்த வேலையையும் குறிப்பதில்லை. உறங்குவதற்கான அறையைச் சொல்ல வேண்டுமானால் ‘சோனே கா கம்ரா’ என்று விரித்துச் சொல்ல வேண்டும், அல்லது ஆங்கிலச் சொல்லை எடுத்தாள வேண்டும். அறை பொதுவானது, அதற்குள் வரும் பொருளே அதன் வேலையை முடிவுசெய்கிறது. சார்பாய் விரிந்தால் அது உறங்கும் இடம். சுவரில் சாய்த்து வைக்கப்பட்டால் அங்கே அடுத்த வேலை தொடங்குகிறது. நான்கு கால் இருந்தாலும் ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய பொருள் அது.

சிறிய வீட்டுக்குப் பொருந்தும் அறிவு இதில் இருக்கிறது. நகரும் பொருள்களின் இடத்தில் நகராத பொருள்களைக் கொண்டுவந்து நிறுத்துவதே இன்று விற்கப்படும் படுக்கையறைக் கனவின் அடிப்படைக் குறை. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 100 சதுர அடி, ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழ்வறைக்குக் குறிக்கும் குறைந்த அளவான 9.5 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆறரை அடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட ‘கிங் சைஸ்’ கட்டில் அதில் 39 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. ஆறடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள அலமாரிக்கு 12 சதுர அடி. எஞ்சும் 49 சதுர அடிக்குள் வாசற்கதவு திறக்க வேண்டும், அலமாரிக் கதவு திறக்க வேண்டும், ஆள் நடக்க வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி மேசையைத் தாளில் வரைந்து காட்டலாம்; அதன் முன் நாற்காலியை இழுத்து உட்கார இடம் இராது.

அதே அறையில் ஆறுக்கு மூன்றடிக் கட்டில்கள் இரண்டை, பகலில் ஒன்றன்கீழ் ஒன்று செருகும்படி அமைத்தால், அவை பகலில் 18 சதுர அடியையே பிடிக்கும். முன்னதைக் காட்டிலும் 21 சதுர அடி மிச்சம். மேசையும் நாற்காலியும் அதில் அடங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுவரில் அறைந்து பொருத்திய அலமாரி வீட்டுக்காரருக்குச் சேரும். கட்டிலும் பெட்டியும் உடன் வரும். பல்கலைக்கழகம்விட்டுப் பல்கலைக்கழகம், நகரம்விட்டு நகரம் இடம்பெயரும் ஆய்வு மாணவர்கள் இதைத் தனியே கற்க வேண்டியதில்லை.

கையில் இருக்கும் சிறு தொகையை எந்த வரிசையில் செலவிடுவது? பொதுவாக முதலில் வாங்கப்படுவது வண்ணமும் விளக்குச் சரமும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதற்செலவு ஈரத்துக்கு உரியது. கசியும் குழாயையோ விரிசல்விட்ட வெளிச்சுவரையோ சரிசெய்யாமல் உட்சுவரில் பூசும் எந்த வண்ணமும் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளித்து உதிரும். ஒட்டுத்தாள் அந்த ஈரத்தை மறைக்கும். மறைவில் பூஞ்சை வளரும். அதை மூச்சில் இழுப்பவர் அங்கே உறங்குபவர். ஈரம் தாக்கிய பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு இன்றும் ஏற்றது. விலை குறைவு, சுவரின் ஈரம் ஆவியாக வெளியேறவும் அது வழிவிடும்.

இரண்டாவது, வெப்பம். மேல்மாடி வீடானால், படுக்கையறைக்குச் செய்யக்கூடிய சிறந்த அலங்காரம் அறைக்குள் இராது; கூரையின் மேல்முகத்தில் இருக்கும். 2010இன் கடும் வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத் நகரம் 2013இல் தனி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் எளியோர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு பூசும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்மை அறையின் வெக்கையைத் தணிக்கிறது. படமெடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. மே மாத இரவில் குழந்தை அழாமல் உறங்குவதைப் படமெடுக்க இயலாது.

மூன்றாவது, வண்ணம். இங்கே அழகைக் காட்டிலும் உடல்நலம் முதன்மையானது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவு, ஜன்னல் வண்ணங்களில் ஈயம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. செலவைக் குறைக்க வீட்டாரே உப்புத்தாள் கொண்டு அவற்றை உலரத் தேய்க்கும்போது, அந்தத் தூசு குழந்தை தவழும் தரையில் படிகிறது. ஈரப்படுத்தித் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அப்போது அறைக்குள் விடாதிருப்பதும், ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும் காசு கேட்காத காப்புகள்.

நான்காவது, ஒளி. நடுக்கூரையில் எரியும் ஒற்றை வெண்விளக்கு ஒருவர் படிக்கும்போது மற்ற அனைவரையும் விழிக்க வைக்கிறது. மேசையை மட்டும் நோக்கும் சிறு விளக்கு ஒன்றும், மங்கிய மஞ்சள் ஒளி தரும் விளக்கு ஒன்றும் இருந்தால், அதே அறையில் ஒருவர் படிக்க மற்றவர் உறங்கலாம். எல்.இ.டி. விளக்குகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் இது பெருஞ்செலவன்று.

இவற்றுக்குப் பின்னரே துணி. இத்துறையில் இந்திய வீடுகளுக்குக் காணொளி கற்பிக்க வேண்டியது எதுவும் இல்லை. பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் கலை வங்கத்தில் ‘கந்தா’, பீகாரில் ‘சுஜனி’, மராட்டியத்தில் ‘கோதடி’, வட கருநாடகத்தில் ‘கௌதி’. ஒரு வீட்டின் கிழிந்த துணிகளிலிருந்தே அவ்வீட்டின் நிறங்களைத் தேர்ந்துகொள்ளும் அலங்காரம் இது. விலைகொடுத்து வாங்குவதானாலும் சோலாப்பூர்ப் போர்வையும் கைத்தறி ஜமக்காளமும் பலமுறை துவைத்தாலும் தாங்கும். வெல்வெட் தலையணை உறை பார்க்கத்தான். வியர்க்கும் நாட்டில் கன்னம் வைக்க அன்று.

இவ்வளவையும் கேட்டு ஒரு மறுப்பு எழலாம். வசதி குறைந்தவர்களுக்கு அழகு வேண்டாமா? செல்வருக்கு ரசனை, ஏழைக்குப் பயன்பாடு என்று பிரித்து அறிவுரை சொல்வது ஆணவம் ஆகாதா? மறுப்பு நியாயமானது. விளக்குச் சரம் தொங்கவிடும் பதினெட்டு வயதுப் பெண் தன் வீட்டில் தான் தேர்ந்தெடுத்த ஒரே பொருளாக அதை எண்ணக்கூடும்; அதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. கோஹ்பர் சுவரை நிரப்பிய பெண்களும் பயன் கருதி மீன் வரையவில்லை. அழகு எவர் கண்ணுக்கு என்பதே கேள்வி. உறங்கி எழும்போது தன் கண்ணில் முதலில் படும் சுவரில் விருப்பமான நிறத்தைப் பூசிக்கொள்வதும், அந்நியரின் விருப்பக் குறிக்காகச் சுவரை மாற்றுவதும் ஒன்றாகா.

பழமையைப் போற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பொருள்கள் நகர்ந்த வீட்டில் மனிதரும் நகர்த்தப்பட்டனர். எல்லோருடைய படுக்கையையும் விரித்த பின் எஞ்சிய இடத்தில், பெரும்பாலும் அடுக்களை ஓரத்தில், உறங்கியவர் அவ்வீட்டுப் பெண். அண்ணனுக்கு மேசை வாங்கிய வீடுகளில் தங்கை கட்டிலின் விளிம்பில் குனிந்து அமர்ந்து தேர்வுக்குப் படித்தாள், இன்றும் படிக்கிறாள். முனைவர் பட்ட ஆய்வேட்டின் இயல்களை மடியில் மடிக்கணினியை வைத்து, விருந்தினர் வந்தால் எழுந்து இடம்விட்டு எழுதி முடித்தவர்களும் இருக்கின்றனர். எனவே சீரமைப்பு தொடங்கும் நாளில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்த நிறம் என்பதன்று. இந்த வீட்டில் தனக்கென ஓர் இடம் இல்லாதவர் யார்?

அதற்கு விடை தெரிந்தபின் செலவு பெரிதாக இராது. ஒரு கம்பி, ஒரு பழஞ்சேலை, மூன்றடி மேசை, ஒரு விளக்கு. பெண்களை அடைத்துவைத்த வழக்கத்துக்கும் ‘பர்தா’ என்றே பெயர். அறையை இரண்டாகப் பிரிக்கும் சீலைக்கும் அதே பெயர். அந்தச் சீலைக்குள் தன் புத்தகத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய், மறுநாள் அதே பக்கத்தில் வந்து அமர ஒரு மகளுக்கு இயலுமானால், அவ்வறை சீரமைந்துவிட்டது.